வீணை தனம்மாள்

பேரொலியே பெருமை என்று கருதப்படுங் காலம் இது. திருவிழாவாயினும் திருமணமாயினும் தேர்தற் கூட்டமாயினும் ஒலிபெருக்கியின்றி ஒன்றும் நடைபெறுவதில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எழும் முழக்கமே கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையிலும் விழாக்காலங்களில் எழுகின்றது. இத்தகைய காலத்தில், அடுத்த வீட்டார்க்குங் கேளாத சிறிய ஒலியைக்கொண்டு பெரும்புகழ் எய்திய ஒருவரின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து.

நம் மாணவருள் கித்தார் பயில்வோர் பலர். அவர்களிடையே ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. எலெக்ட்ரிக் கித்தார் என வழங்கும் மின்கித்தாரை உடையான் ஒருவன், அக்கூஸ்டிக் கித்தார் என வழங்கும் மரக்கித்தார் ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டுமோ என்பதே அவ்வினா. மேடையில் வாசிக்கப்போவது மின்கித்தாரேயாகலின் மற்றொன்றிற்குப் பணஞ் செலவிடுதல் வீண் என்பர் ஒரு சாரார். மரக்கித்தாரிற் பழகாத விரல் விரலன்று என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்க மேனாடு செல்லவேண்டுவதில்லை. சென்னை மாநகரில் வாழ்ந்து 1938-ஆம் ஆண்டு மறைந்த வீணை தனம்மாள் அம்மையாரின் வாழ்க்கையே இதற்கு நல்லதொரு விளக்கமாகும். அவர் கையிலிருந்தது வீணையேயெனினும், அவர் வாழ்வு எழுப்பும் வினா நரம்புக்கருவி பயில்வோர் அனைவர்க்கும் பொதுவானது.

மரபும் பிறப்பும்

தனம்மாள் 1867-ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். அவர் முன்னோர் தஞ்சை அரண்மனையில் ஆடலும் பாடலும் வளர்த்த மரபினர். பாட்டியார் காமாட்சியம்மாள் ஆடலிற் சிறந்தவர்; அன்னையார் சுந்தரம்மாள் பாடலில் வல்லவர். 1855-ஆம் ஆண்டு தஞ்சையின் கடைசி மன்னர் மறைந்ததும் அவ்வரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசரை நம்பி வாழ்ந்த இசைவாணரும் ஆடல்மகளிரும் ஆதரவு நாடிப் பல திசையிலும் பெயர்ந்தனர். அவ்வாறு தஞ்சைக் கலைமரபின் ஒரு கிளை சென்னையில் வேரூன்றிற்று. அக்கிளையிற் பூத்த மலரே தனம்மாள்.

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடங்கேட்ட பெருமை இக்குடும்பத்திற்கு உண்டு. எனவே, ஏட்டில் எழுதிவைத்த பாடலைப் பிற்காலத்தார் பார்த்துப் படிப்பது போலன்றி, ஆக்கியோரின் வாயினின்று வந்த வடிவத்திலேயே பாடல்கள் இவ்வீட்டில் வழங்கின. தொட்டிலிற் கிடந்த காலந்தொட்டு அவற்றைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இசை தாய்மொழியாயிற்று என்பதில் வியப்பில்லை.

கல்வி

தனம்மாள் ஓர் ஆசிரியரோடு அமைந்தவரல்லர். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைச் சாத்தனூர்ப் பஞ்சநதையரிடம் கற்றார். பதங்களை வாலாஜாபேட்டைப் பாலகிருஷ்ணதாசரிடம் கற்றார். அப்பெரியார் கண்பார்வை அற்றவர். ஆயினும் பதம் பாடுவதில் அவர்க்கு நிகர் அரியர். பதம் என்பது விரைவிற் பாடும் உருப்படியன்று. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் குழைத்து, பொருளும் இராகமும் ஒன்றிற்குள் ஒன்று கரையுமாறு பாடவேண்டுவது. ஜாவளிகள் இயற்றுவதிற் புகழ்பெற்ற தருமபுரிச் சுப்பராயர் இவ்வீட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர் இயற்றிய ஜாவளிகளும் தனம்மாளின் கைவழியே நிலைபெற்றன.

தனம்மாள் வாய்ப்பாட்டில் முதலிற் பயின்று, அதன் பின்னரே வீணையைத் தமக்கு உரியதாகக் கொண்டார். வீணை வாசிக்கும்போதும் உடன் பாடுவார். விரல் மீட்டுவதும் குரல் இசைப்பதும் எங்கு பிரிகின்றன என்று கேட்போர் அறியார். பாடலின் ஒவ்வோர் எழுத்தும் வீணையில் ஒலிக்கவேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. பாட்டை அறியாத விரல் தந்தியைத் தொடுமாயின் ஒலி பிறக்குமேயன்றி இசை பிறவாது என்பது அவர் வாசிப்பினின்று நாம் அறியும் முதற் பாடமாகும்.

வீணையும் விரலும்

அம்மையாரின் அருமையை உணர வீணையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பண்டைத் தமிழரின் யாழிற்குப் பத்தர் என்னும் உறுப்பு இருந்தது. நரம்பின் மெல்லிய துடிப்பை வாங்கி அவைக்குக் கேட்குமாறு பெருக்கித் தருவது அதுவே. வீணையில் அத்தொழிலைச் செய்வது பலாமரத்தைக் குடைந்து செய்த குடம். நான்கு தந்திகள் வாசிப்பதற்கும் மூன்று தந்திகள் தாளத்திற்கும் ஆக ஏழு தந்திகள் உள. மெழுகிற் பதித்த மெட்டுக்கள் இருபத்துநான்கு. மீட்டிய தந்தியின் துடிப்பு குதிரை வழியாகப் பலகைக்கும், பலகையினின்று குடத்திற்கும் செல்கின்றது. அங்கே அடைபட்ட காற்று அசைந்து நாதமாக வெளிப்படுகின்றது. இதன்கண் வெளியினின்று வரும் விசை ஒன்றுமில்லை. விரல் கொடுத்தது எவ்வளவோ அவ்வளவே செவிக்கு எட்டும்.

அந்நாதமும் நெடிது நில்லாது; சில நொடிகளில் தேய்ந்து மறையும். ஆகலின், மரவீணை வாசிப்போர்க்கு ஒரு கணக்கு உண்டு. நாதம் உயிரோடிருக்கும் அச்சிறுபொழுதிற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த சுரத்தையும் அதனை அடுத்ததையும் தொட்டு மீளவேண்டும். இழுப்பதிற் சிறிது தாமதித்தால் நாதம் இறந்துபோகும். விரைந்தால் கமகம் சிதைந்துபோகும். மீண்டும் மீட்டினாலோ பாடலின் ஓட்டம் அறுபடும். எனவே, எங்கு மீட்டுவது, எங்கு மீட்டாது விடுவது என்பதே வீணையின் உயிர்நிலை.

வீணை வாசிப்போர் பலர் விரலிற் கம்பிவளையம் அணிந்து மீட்டுவர். அதனால் ஒலி உரத்தும் கூர்மையாயும் எழும். தனம்மாள் அதனை விரும்பாது நகத்தாலும் விரலாலுமே மீட்டினார். ஒலி சிறுத்தது, இனிமை பெருகிற்று. ஒலியைப் பெருக்குவதற்கு எளிய வழி கையிலிருந்தும் அதனை வேண்டாவென விட்டவர் அவர். அவ்வாறு விட்டதனால், உரத்து ஒலிக்கும் கருவியில் மறைந்துபோகும் நுண்மைகள் எல்லாம் அவர் வீணையில் வெளிப்பட்டன.

வெள்ளிக்கிழமை மாலைகள்

சென்னை வீதிகளில் 1895-ஆம் ஆண்டே மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. நகரம் நாளுக்குநாள் இரைச்சல் மிகுந்து வளர்ந்தது. அத்தகைய நகரத்தின் நடுவே, வாணிகம் மலிந்த ஜார்ஜ் டவுனில், வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் தனம்மாள் தம் வீட்டில் வீணை வாசிப்பார். மண்டபமில்லை, மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. வீட்டுக்கூடத்தில் அமரக்கூடிய சிலரே கேட்போர். அவருள்ளும் பெரும்பாலோர் இசை அறிந்தவர். பெரும் வித்துவான்களும் மாணவரைப்போல் அடங்கி அமர்ந்து கேட்டனர்.

அவ்வீட்டின் மௌனம் புகழ்பெற்றது. வாசிப்பு நடக்கும்போது எவரும் பேசுதல் கூடாது. அசைதலுங் கூடாது என்னுமளவு ஒழுங்கு நிலவிற்று. இது செருக்கினாலன்று. கருவியின் ஒலி அவ்வளவு சிறியதாகலின், ஒருவர் இருமினாலும் ஒரு கமகம் காணாமற் போய்விடும். கேட்போர் தம் மூச்சையும் அடக்கிச் செவியைக் கூர்மையாக்கவேண்டியிருந்தது. ஒலிபெருக்கி இசையைக் கேட்போரிடத்திற்குக் கொண்டு செல்கின்றது. தனம்மாளின் வீணையோ கேட்போரை இசையினிடத்திற்கு அழைத்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

வறுமையும் இருளும்

புகழ் மிக்கிருந்தும் அம்மையாரின் வாழ்வில் செல்வம் நிலைக்கவில்லை. குடும்பமோ பெரிது. இராஜலக்ஷ்மி, லக்ஷ்மிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என மகளிர் நால்வர். அவர்தம் மக்களும் அக்குடும்பத்தில் வளர்ந்தனர். பொருள்முடை அவ்வீட்டிற் பலகாலும் எட்டிப்பார்த்தது. எனினும், பொருட்காகத் தம் இசையின் தரத்தைக் குறைக்க அவர் இசைந்ததில்லை.

காலமும் அவர்க்கு எதிராகத் திரும்பிற்று. கோயிலோடு பிணைக்கப்பட்ட பெண்டிரின் நிலையை மாற்றவேண்டும் என்ற கிளர்ச்சி 1890-களில் சென்னையில் வலுப்பெற்றது. கிறிஸ்தவத் தொண்டரும் இந்துச் சீர்திருத்தக்காரரும் அதில் ஒருங்கே ஈடுபட்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையில் இதற்கென உழைத்தார். 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறிற்று. சிறுமியரைக் கொடுமையினின்று மீட்ட அச்சீர்திருத்தம் வேண்டுவதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் களையைப் பறித்த கை பயிரையும் அசைத்தது. இம்மரபிற் பிறந்த கலைஞர் என்ற அளவிலேயே பலரை உலகம் ஐயுற்று நோக்கிற்று. இசை சபைகளின் ஆதரவிற்குட் புகுந்தது. பெரிய மண்டபங்கள் எழுந்தன. 1928-ஆம் ஆண்டு சென்னை சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. அம்மண்டபங்களின் கடைசி வரிசைக்கு எட்டும் ஒலியே இனி வேண்டப்பட்டது. சிறுகூடத்தில் வாழ்ந்த வீணைக்கு அது நல்ல காலமன்று.

முதுமையில் அம்மையார் கண்ணொளியும் இழந்தார். பதம் கற்பித்த ஆசிரியரின் இருளே மாணவியையும் வந்தடைந்தது. எனினும் வீணை நிற்கவில்லை. இருபத்துநான்கு மெட்டுக்களின் இடமும் விரலுக்குத் தெரியும். தந்தியின் இறுக்கம் தோலுக்குத் தெரியும். நாதம் எப்பொழுது தேயும் என்பது செவிக்குத் தெரியும். கண் செய்யவேண்டிய வேலை அங்கு ஒன்றுமில்லாதவாறு அவர் பயிற்சி அமைந்திருந்தது.

மின்சாரம் செய்த நன்மை

இதுவரை கூறியதைக்கொண்டு மின்சாரத்தைப் பழிக்க எழுந்தது இக்கட்டுரை என எவரும் கருதற்க. தனம்மாளின் வாசிப்பை இன்று நாம் கேட்கக் கூடியதாயிருப்பதற்குக் காரணமே மின்சாரந்தான். 1930-களில் கொலம்பியா கம்பெனியார் அவர் வாசிப்பைச் சில இசைத்தட்டுக்களிற் பதிவு செய்தனர். பழைய முறையில், பாடுவோர் ஒரு பெரிய கொம்பின் வாயில் உரத்துப் பாடவேண்டும். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் பதியும். அம்முறையில் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் இழக்கப்பட்டன. மேனாட்டில் 1925-ஆம் ஆண்டு மின் ஒலிவாங்கியாற் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே மெல்லொலிக் கருவிகட்கு இசைத்தட்டில் நல்லிடங் கிடைத்தது. ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் அத்தட்டுக்களில், அறுபது ஆண்டைக் கடந்த ஒரு மூதாட்டியின் விரல் இன்றும் உயிரோடிருக்கின்றது.

ஆனால் ஈண்டு ஒன்று கருதற்பாலது. மின் ஒலிவாங்கி அவர் இசையைக் காத்ததேயன்றி ஆக்கவில்லை. ஆக்கியது ஏறக்குறைய அறுபது ஆண்டுப் பயிற்சி; அப்பயிற்சி முழுவதும் மரத்தோடும் தந்தியோடும் நடந்தது. மின்சாரம் வந்து சேர்ந்தபொழுது பெருக்குவதற்குரிய பொருள் அங்கு ஆயத்தமாக இருந்தது. பூச்சியத்தை எத்தனை எண்ணாற் பெருக்கினும் பூச்சியமேயாம் என்பதைக் கணக்கறிந்த சிறுவனும் அறிவான்.

மின்கித்தாரும் மின்வீணையும்

தனம்மாள் ஜார்ஜ் டவுனில் மெல்ல மீட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்தது. ஆங்குப் பல கருவிகள் ஒருங்கே முழங்கும் இசைக்குழுக்களில் கித்தாரின் ஒலி அமிழ்ந்துபோயிற்று. அக்குறையை நீக்க ஜார்ஜ் போஷாம்ப் என்பார் காந்தத்தின்மேற் கம்பிச்சுருள் சுற்றி, எஃகுத் தந்தியின் துடிப்பை மின்னோட்டமாக மாற்றும் உறுப்பொன்றை அமைத்தார். அவரும் அடால்ப் ரிக்கன்பாக்கரும் 1932-ஆம் ஆண்டில் மின்கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். குடைவற்ற கட்டைகொண்ட மின்கித்தார் 1950-ஆம் ஆண்டு முதல் பெருவழக்காயிற்று. பத்தரில்லாத யாழ் போன்றது அது. பத்தரின் தொழிலை ஒலிபெருக்கி செய்கின்றது.

அவ்வலை வீணையையும் வந்தடைந்தது. தனம்மாளின் மறைவிற்குப் பின், குடத்தின் பலகையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் என்னும் சிறு கருவியை வைணிகர் பலர் கைக்கொண்டனர். சிட்டிபாபு அதனைப் பயன்படுத்தி வீணையின் இன்னொலியைப் பெரிய அரங்குகளுக்கும் பொதுமக்கட்கும் எட்டச் செய்தார். ஒருமுறை மீட்டிய நாதம் முன்னினும் நெடிது நின்றமையால், ஒரே மீட்டில் பல சுரங்களை இழுத்துக் காட்டவும் இயன்றது. இக்காலத்தில் பலாக்குடமே இல்லாத மின்வீணையும் பெங்களூரில் செய்யப்படுகின்றது. எளிதிற் கழற்றிப் பயணத்திற் கொண்டுசெல்லத்தக்கது என்பது அதன் நன்மை.

இங்கு எதிர்வாதம் ஒன்றை எதிர்கொள்ளல் முறை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1969-ஆம் ஆண்டு பிறந்து 2014-ஆம் ஆண்டு மறைந்த பெருங்கலைஞர். மர மாண்டலினின் நாதம் உடனே அற்றுப்போவதாகலின் அதிற் கமகம் நிரம்பாது என்று கண்டு, மின்மாண்டலினையே தம் கருவியாகக் கொண்டார். கருநாடக இசையின் முழு நுட்பத்தையும் அதில் வெளிப்படுத்தி உலகை வியப்பித்தார். மின்கருவி ஒன்றே போதும் என்பதற்கு இவரே சான்றன்றோ எனின், அவர் கற்ற முறையை நோக்குக. அவர் ஆசிரியர் உருத்திரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவரல்லர். அவர் பாடுவார், சிறுவர் அதனைக் கேட்டு விரலில் வருவிப்பார். எனவே, அங்கும் மின்சாரம் தொடாத மூலம் ஒன்று இருந்தது. அது மனிதக் குரல். தனம்மாளுக்குக் குரலும் மரமும் இருந்தன. ஸ்ரீநிவாசுக்குக் குரல் இருந்தது. மெய்யான ஒலியொன்றைப் பெருக்கமின்றிக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவி இருவர்க்கும் பொது.

வினாவிற்கு விடை

இனி நம் வினாவிற்கு வருவோம். மின்கித்தார் ஒரு தனிக்கருவி; மரக்கித்தாரின் உரத்த வடிவம் மட்டுமன்று. அதற்கெனத் தனி நுட்பங்கள் உள. தொடாத தந்திகள் தாமே முழங்காவண்ணம் கையால் அடக்குதல், நெடிது நிற்கும் நாதத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துதல் ஆகியன மரக்கித்தாரில் அவ்வளவு வேண்டப்படுவன அல்ல. ஆதலின், மரக்கித்தார் மட்டும் பயின்றவன் மின்கித்தாரையும் அறிந்தவனாகான். இதனை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

ஆயினும், மரக்கித்தார் கற்பிப்பனவற்றை மின்கித்தார் எளிதிற் கற்பியாது. மரக்கித்தாரின் தந்தி பெரும்பாலும் தடித்தது. அழுத்துதற்கு வலிமை வேண்டும். அழுத்தம் குறைந்தால் தந்தி கரகரக்கும். மீட்டும் கையின் வன்மை மென்மைகளே ஒலியின் பெருமை சிறுமைகளாம். அங்குத் திருகிச் சரிசெய்யக் குமிழ் இல்லை. குறையை மூடுதற்கு எதிரொலிப் பெட்டி இல்லை. செய்த பிழை செய்தவன் செவியிலேயே உடனே வந்து விழுகின்றது. கண்ணாடி அழகனை அழகனாகவும் அல்லானை அல்லானாகவும் காட்டுவதுபோல, அக்கருவி பயில்வோனை உள்ளவாறு காட்டுகின்றது. அத்தகைய கண்ணாடி ஒன்று வீட்டில் இருத்தல் நன்று.

பயன் வேறும் உண்டு. மலையூரில் மழைக்காற்றால் மின்சாரம் நின்ற இரவில், மின்கித்தார்க்காரன் கைகட்டி இருக்க நேரும். ஆலயத்திற் பாடற்குழு இருளில் நிற்கும்பொழுது ஒரு மரக்கித்தார் இருந்தால் பாட்டு நில்லாது. விடுதி அறையில் உடனுறைவோர் உறங்கும்பொழுது மெல்ல மீட்டிப் பழகவும் அது உதவும்.

இரண்டு கருவி வாங்குதல் எளியோர்க்கு இயலுமோ எனின், அது பொருளுடைய வினாவே. நம்மிற் பலர் ஒரு கருவி வாங்குதற்கே பெற்றோரின் உழைப்பில் ஒரு பங்கைக் கேட்கின்றோம். ஆகவே, ஒன்றே வாங்க வல்லவன் முதலில் மரக்கித்தாரை வாங்குதல் தகும். அதற்கு ஒலிபெருக்கி முதலிய துணைச்செலவு இல்லை. மின்கித்தாரை முன்னரே வாங்கிவிட்டவன், நண்பர் சிலரோடு சேர்ந்து ஒரு மரக்கித்தாரைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் இசைச்சங்கமும் ஒன்றிரண்டு வாங்கி வைத்து, நூலகம் நூல் வழங்குமாறு முறைப்படி வழங்கலாம். உடைமை என்பது தனியுடைமையாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. கை எட்டும் இடத்தில் கருவி இருத்தலே வேண்டுவது.

வழிவழி வந்த நாதம்

தனம்மாள் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் விட்டுச்சென்றது பொருளன்று, கேள்வி. அதனை அவர் பேரப்பிள்ளைகள் காத்தனர். பிருந்தாவும் முக்தாவும் அவ்வீட்டுப் பதங்களை அவ்வீட்டு முறையிலேயே பாடிப் புகழ்பெற்றனர். பாலசரஸ்வதி பரதநாட்டியத்தின் உயர்நிலையை உலகிற்குக் காட்டினார். 1973-ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி என்னும் சிறப்பைப் பெற்றார். ஆடற்கலைஞர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. விசுவநாதன் புல்லாங்குழலாலும் ரங்கநாதன் மிருதங்கத்தாலும் அமெரிக்காவிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்கு இம்மரபைக் கற்பித்தனர். ஜார்ஜ் டவுனின் சிறுகூடத்தைக் கடவாத ஒலி இவ்வாறு கடலையும் கடந்தது. ஒலிபெருக்கி அதனைக் கொண்டுசெல்லவில்லை. கற்றவர் நெஞ்சும் கையுமே கொண்டுசென்றன. 2010-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அம்மையாரின் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மரத்தின் அருமையை உணர்தற்குக் கள்ளக்குறிச்சிப் பகுதியினர்க்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். உளி பட்ட இடத்தை மரம் மறைப்பதில்லை என்பது அச்சிற்பியர் அறிந்த உண்மை. கல்வராயன் மலையிற் பலாவும் வளர்கின்றது, தேனடையும் தொங்குகின்றது. வீணைக்குக் குடமாவது பலா; மெட்டைத் தாங்குவது மெழுகு. இயற்கை தந்த அவ்விரண்டையும் தந்தியோடு சேர்த்து இசையாக்க வேண்டுவது மனிதனின் பொறுமை ஒன்றே.

மின்கித்தார் கையிலுள்ள நண்பர்காள்! அதனை விடவேண்டா; விரும்பி வாசிமின். ஆனால் நாளில் ஒரு நாழிகையேனும் மின்சாரத்தின் துணையின்றி மரத்தோடு பேசுமின். அப்பொழுது கேட்கும் சிறிய ஒலி நும்முடையது. அது செம்மையுற்றபின் அதனை எத்துணைப் பெரிதாக்கினும் இனிமையே பெருகும். தனம்மாள் அம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.